பயிற்சிச் செலவு

தாலினிலிருந்து கடிதம் வந்த அன்று
கோத்லா-யார்வேயில் மைனஸ் பதினெட்டு.
பழைய ரொட்டிக்கடைக்குள் நாங்கள் ஒன்பது பேர்
கோட்டுகளைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம்.

இருபத்தோராயிரம் யூரோ.
ஸோயா இரண்டு முறை படித்தாள்.
பிறகு சின்ன எழுத்துகளையும் படித்தாள்:
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டும்.
கட்டடப் பழுதுக்குக் கூடாது.
வாடகைக்குக் கூடாது.
எரிபொருள், உணவு, கூடவே கூடாது.
போதை மீட்புப் பயிற்சிக்கு மட்டும்.
அங்குசத்துக்குப் பணம் இருக்கிறது,
யானைக்குத்தான் இல்லை.

நவம்பரில் செத்த பாய்லர்
எங்கள் காலுக்குக் கீழே
நிலவறையில் கிடந்தது.
அடக்கம் செய்யவும் காசில்லாமல்
விட்டுவைத்திருந்தோம்.

அல்ப்தீனாதான் முதலில் சிரித்தாள்.
நகர வெப்ப நிலையத்தில் ஏழு வருடம் வேலை,
பிறகு மாத்திரை, பிறகு ஊசி,
பிறகு நாங்கள்.
"பாய்லர் பழுதுபார்க்கும் பயிற்சி" என்றாள்.
"மூன்று நாள். நான் சொல்லித் தருகிறேன்.
சான்றிதழ் காலாவதியாகவில்லை,
நான்தான் ஆகியிருந்தேன்."

படிவங்கள் என் பொறுப்பு.
கடன் கேட்டுப் பொய் சொன்ன காலத்தில்
பழகிய கையெழுத்து
இப்போது அரசாங்கத்துக்கு உதவுகிறது.
பர்னர், பம்ப், பதினான்கு மீட்டர் குழாய்:
பயிற்சிக் கருவிகள் என்று எழுதினேன்.
டீசல்:
செய்முறை விளக்கப் பொருள்.
'எத்தனை பேர் குணமடைந்தார்கள்?' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
'இன்று காலை ஒன்பது பேர்' என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை,
எண் மட்டும் போதுமாம்.

முதல் நாள் துருவைச் சுரண்டினோம்.
கை நடுங்குபவர்களுக்கு உப்புத்தாள்,
நடுங்காதவர்களுக்குத் திருப்புளி.
மதியத்துக்குள் பாதிப் பேர்
திருப்புளி கேட்டார்கள்.
இரண்டாம் நாள் மகார்
பம்பைத் தனியாகப் பொருத்தினான்.
ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.
கரி பூசிய முகத்தோடு
எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்,
ஸோயாவை இரண்டு தடவை.

மூன்றாம் நாள் அவன் வரவில்லை.

பத்தரைக்குப் பாய்லர் எரிந்தது.
குழாய்க்குள் ஏதோ இருமி,
முனகி, சுவரோரம் நடந்து,
ஜன்னலடி ரேடியேட்டருக்குள் புகுந்தது.
ஒருவர் பின் ஒருவராகக்
கோட்டைக் கழற்றினோம்.
ஒருவரின் மெலிவை ஒருவர்
அன்றுதான் பார்த்தோம்.
மகாரின் ஆணியில்
எதுவும் தொங்கவில்லை.

ஏப்ரலில் தணிக்கைக்கு வந்த தால்விக்
கையுறைகளை ரேடியேட்டர் மேல் காயவைத்துவிட்டு
ரசீதுகளைப் புரட்டினார்.
குழாய்க்கான ரசீதில் விரல் நின்றது.
"பதினான்கு மீட்டர் செய்முறை விளக்கமா?"
"மெதுவாகக் கற்பவர்கள் நாங்கள்" என்றாள் அல்ப்தீனா.
அவர் கையுறைகளைத் திருப்பிப் போட்டார்.
பக்கத்தையும் திருப்பினார்.
வருகைப் பதிவேட்டில்
மகார் பெயருக்கு நேரே
இரண்டு கையெழுத்து, ஒரு வெற்றிடம்.
"இது?"
'இடையில் விலகியோர்: ஒன்று' என்று
நான் ஏற்கெனவே நிரப்பியிருந்தேன்.
அதைத்தான் காட்டினேன்.
மானியத் தொகையில்
நூற்றைம்பது யூரோ பிடித்துக்கொண்டார்கள்.
அவன் வராத ஒரு நாளுக்கு.

பம்ப் இன்னும் கசியவில்லை.
இரவுக் காவல் என் முறை வரும்போது
கீழே இறங்கிப் போய்
அதைத் தொட்டுப் பார்ப்பேன்.
எந்தப் படிவத்திலும் இதை எழுதியதில்லை.

மே பதினொன்று, மாலை.
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.
ஒரு ஷூவில் கயிறு இல்லை.
யார் முகத்தையும் பார்க்காமல்
நேரே ஜன்னலுக்குப் போய்
ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தான்.
வைத்தபடியே நின்றான்.

"நேற்றுதான் அணைத்தோம், மகார்.
வெயில் வந்துவிட்டது.
பம்ப் நன்றாக இருக்கிறது."